கம்பத்தின் அடியில் ஒரு மெத்தை

மாடியில் உறங்கும் தீயணைப்பு வீரர்கள் மணி அடித்ததும் நொடிகளில் வண்டியை அடைய உதவும் சறுக்குக் கம்பம், 1878-இல் அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்தது. கறுப்பின வீரர்கள் பணியாற்றிய 21-ஆம் எண் எஞ்சின் பிரிவின் கேப்டன் டேவிட் கென்யன், பைன் மரத்தை வழுவழுப்பாக இழைத்து, மெழுகு பூசி அதை நிறுவினார். பிற நிலையத்தார் முதலில் சிரித்தார்கள். இந்தப் பிரிவு தீ பிடித்த இடத்துக்கு முந்திப் போய்ச் சேரத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கியது. 1880-இல் பித்தளைக் கம்பம் வந்தது. அதில் சிராய் குத்தாது.

சறுக்கி வரும் உடலின் வேகத்தை முடிவில் தாங்குபவை கணுக்காலும் முழங்காலும்தான். வெறும் கான்கிரீட் தரை அந்த வேகத்தைச் சட்டென்று நிறுத்திவிடும். கம்பத்தின் அடியில் மெத்தை இருந்தால், அது அமுங்கும்போது நிற்கும் நேரம் சற்றே நீள்கிறது. எலும்பில் விழும் அடி அந்த அளவுக்குக் குறைகிறது. நடுவே துளையிட்டு, கம்பத்தை நெருக்கமாகச் சுற்றிப் போடப்படும் இந்த மெத்தை மிகவும் மிருதுவாக இருந்தால் பாதம் புதைந்து கணுக்கால் பிசகும். அதனால் அழுத்தமான உட்பொருளே தேவை.

ஆனால் பிடி தளர்ந்து விழுபவரை மெத்தை மட்டும் காப்பாற்றாது. கைகளாலும் கால்களாலும் கம்பத்தை இறுக்கி வேகத்தைக் குறைத்து, முழங்காலை மடக்கி இறங்கி, அடுத்தவருக்கு உடனே வழிவிட வேண்டும். காயங்கள் தொடர்ந்ததால் பல நிலையங்கள் கம்பத்தையே அகற்றிவிட்டன. புதிய நிலையங்கள் பலவும் ஒரே தளத்தில் கட்டப்படுகின்றன.