பழைய கருவிகளும் குறைக்கான மீட்புரிமையும்
இணையவழிக் கொள்முதலை முன்வைத்து ஃபிக்ஹும் சட்டமும்

ஒரு பொருள் பழையது என்பது வேறு. அது குறையுடையது என்பது வேறு. பயன்படுத்திய பட்டறைக் கருவிகளை இணையம் வழியே விற்போரும் வாங்குவோரும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிவிடுவதால் எழும் பூசல்கள் பல. பழைய சாமான் அப்படித்தான் இருக்கும் என்று விற்றவர் கை விரிக்கிறார். வாங்கியவரோ மேற்பூச்சில் ஒரு கீறலைக் காட்டி முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கிறார். எவர் பக்கம் நியாயம் என்பதைத் தீர்மானிக்க நம் ஃபகீஹ்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நுட்பமான அளவுகோலொன்றை வகுத்துள்ளனர். அதை இன்றைய இந்தியச் சட்டத்தோடு ஒப்புநோக்கிக் காண முற்படுகிறோம்.

சிறு முதலில் தொழில் தொடங்கும் ஒருவருக்கு இது ஏட்டளவிலான ஆராய்ச்சியன்று. உறவினரிடம் கைமாற்றாகப் பெற்ற தொகையைக் கொண்டு அவர் ஒரு பழைய லேத்தையோ ஆங்கிள் கிரைண்டரையோ பெஞ்ச் வைஸையோ வாங்குகிறார். சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழம்பொருள் சந்தையில் அவர் பொருளைத் தூக்கிப் பார்ப்பார். சக்கைக் கையால் சுழற்றுவார். மோட்டாரை ஓடவிட்டுக் காது கொடுப்பார். இணையத்தில் அவருக்குக் கிடைப்பவை நான்கு படங்களும் இரண்டு வரி விவரமுமே. லேத்தின் பெட் சக்குக்கு அருகில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கிரைண்டரின் ஆர்மேச்சர் ஒருமுறை கருகியதா, மைக்ரோமீட்டரின் முனைகள் சேரும்போது அளவு சுழியத்தில் நிற்கிறதா, வைஸின் தாடையில் விரிசல் விழுந்து வெல்டிங் வைத்து அதன்மேல் பெயிண்ட் அடிக்கப்பட்டதா என்பவற்றையெல்லாம் படம் சொல்லாது. ஒரு கருவியின் மதிப்போ இவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

ஆகவே முதற்கேள்வி, காணாத பொருளை வாங்குவது செல்லுமா என்பதே. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, கண்ணால் காணாத குறிப்பிட்டதொரு பொருளின் விற்பனை செல்லாது. பார்த்தல் என்பதும் ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கு ஏற்ற வகையில் அமைய வேண்டும் என்பர். கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டிய பொருளைப் பார்த்ததாகக் கொள்ளலாகாது, ஆனால் தெளிந்த நீருக்குள் இருக்கும் மீனைப் பார்த்தது போதும் என்று அம்மத்ஹபின் விரிவுரைகள் நுணுக்கமாகப் பிரித்துரைக்கின்றன. கைப்பேசியின் திரையை இவற்றில் எதனோடு சேர்ப்பது என்பதை வாசகரே ஊகிக்கலாம். ஹனஃபீ மத்ஹபில் இத்தகைய விற்பனை செல்லும். எனினும் பொருளைக் கண்டவுடன் ஏற்கவோ மறுக்கவோ வாங்கியவருக்கு உரிமை உண்டு. இதுவே கியாருர் ருஃயா. உஸ்மான் (ரலி) அவர்கள் தல்ஹா (ரலி) அவர்களுக்குக் காணாத நிலமொன்றை விற்றபோது, யாருக்குத் தெரிவுரிமை என்ற பேச்சு எழுந்து, நடுவராயிருந்த ஜுபைர் பின் முத்இம் (ரலி) அவர்கள் அது வாங்கியவருக்கே உரியது எனத் தீர்ப்பளித்த செய்தி இதற்குச் சான்றாகக் கூறப்படும். ஷாஃபிஈ மத்ஹபிலும் இதையொத்த மற்றொரு கருத்து உண்டு. தொலைபேசி, கணினி முதலியவற்றின் வழியே நடக்கும் ஒப்பந்தங்களை ஜித்தாவில் 1990ஆம் ஆண்டு மார்ச்சில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தன் 6ஆவது அமர்வில் ஆராய்ந்து ஏற்றுள்ளது. வணிகம் திரைக்கு மாறிவிட்ட இக்காலத்தில், பார்த்தபின் மறுக்கும் உரிமையுடன் கூடிய அக்கருத்தையே நடைமுறைக்குக் கொள்வது பொருந்தும் என்பது நம் எண்ணம். அவ்வாறு கொண்டால், பார்த்தபின் திருப்புதல் விற்பவர் காட்டும் சலுகையாக இராது, ஒப்பந்தத்தின் ஓர் உறுப்பாகிவிடும்.

இனிக் குறை என்றால் என்ன என்பதற்கு வருவோம். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் 'மின்ஹாஜ்' நூலில் தரும் வரையறையின் கருத்து இது: பொருளையோ அதன் மதிப்பையோ குறைத்து, முறையானதொரு நோக்கம் நிறைவேறாதபடி செய்வது குறையாகும், அவ்வகைப் பொருள்களில் பெரும்பாலும் அது இல்லாதிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. இக்கடைசி நிபந்தனைதான் பழம்பொருள் வணிகத்துக்குத் திறவுகோல். பத்தாண்டு உழைத்த கிரைண்டரை அதுபோல் உழைத்த பிற கிரைண்டர்களோடு ஒப்பிட வேண்டுமேயன்றிக் கடையில் பெட்டி பிரிக்காத புதியதோடு ஒப்பிடலாகாது. கைப்பிடியின் மழுங்கல், உதிர்ந்த பூச்சு, தேய்ந்துவிட்ட கார்பன் பிரஷ் ஆகியவை அவ்வகைப் பொருளில் வழக்கமாக இருப்பவை, குறையாகா. கருகிய ஆர்மேச்சர் அவ்வாறன்று. பழைய வைஸ்களிலும் பெரும்பாலானவற்றின் தாடை வெடித்திருப்பதில்லை. ஆகவே வெடித்த தாடை குறையே. அளவுக் கருவிகளில் இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். ஓரளவு தேய்ந்த சுத்தியல் சுத்தியலாகவே இருக்கிறது. அளவு பிசகிச் சரிப்படுத்தவும் இயலாத மைக்ரோமீட்டரோ அது எதற்காக வாங்கப்பட்டதோ அந்த நோக்கத்தையே இழந்துவிடுகிறது.

விவரணத்தின் இடமும் இங்கேதான் வருகிறது. ஒரு தன்மையைச் சொல்லி விற்று அத்தன்மை இல்லையெனில், வாங்கியவர் முறித்துக்கொள்ளலாம் என்பதை 1869க்கும் 1876க்கும் இடையே உஸ்மானிய அரசு தொகுத்த 'மஜல்லா' தனித் தெரிவுரிமையாகவே வகுத்துள்ளது. பால் தரும் பசு என்று விற்றது வற்றிய பசுவாக இருப்பதே அதற்கு உதாரணம். மோட்டாருக்குப் புதிய வயண்டிங் செய்யப்பட்டது, பேரிங் மாற்றப்பட்டது என்று விளம்பரத்தில் எழுதுகிறவர் அச்சொற்களுக்குக் கட்டுப்பட்டவராகிறார்.

சொல்லால் மட்டுமன்றிச் செயலாலும் பொய் விவரணம் நிகழும். விற்பதற்கு முன் ஆட்டின் அல்லது ஒட்டகத்தின் மடியைக் கட்டிப் பாலைத் தேக்கிக் காட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்து வாங்கியவர் வேண்டினால் வைத்துக்கொள்ளலாம், அன்றேல் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தோடு திருப்பிவிடலாம் என்றார்கள். அந்த ஒரு ஸாஉ விஷயத்தில் ஹனஃபீகளின் நிலைப்பாடு வேறு. எனினும் வெல்டிங் பிளவின்மேல் அடித்த பெயிண்டும், தேய்ந்த கியரின் இரைச்சலை மறைக்க அடைத்த கெட்டிக் கிரீஸும் கட்டிவைத்த மடியின் இன்றைய வடிவங்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து ஈரம் கண்ட அண்ணலார், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரிடம் வினவியதும் நாம் அறிந்ததே. படமெடுக்கிறவர் பிளவையும் ஒரு படமாக எடுத்துப் போடுவது அந்த வினாவுக்கான விடையாகும்.

'உள்ளது உள்ளபடி, திருப்பி எடுக்கப்படாது' என்று எழுதிவிட்டால் பொறுப்பு நீங்கிவிடுமா? ஹனஃபீ மத்ஹபில் எல்லாக் குறைகளிலிருந்தும் விலகிக்கொள்வதாக நிபந்தனையிட்டு விற்பது செல்லும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில், உயிருள்ள பிராணியிடம் விற்பவர் அறியாத உட்குறைக்கு மட்டுமே இவ்விலக்கு உண்டு. இயந்திரம் பிராணியன்று, திறந்து பார்க்க இயலாதது என்ற சாக்கு அதற்கில்லை. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஓர் அடிமையைக் குறைப்பொறுப்பு நீக்கி 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர் நோயைக் காட்டி உஸ்மான் (ரலி) அவர்களிடம் முறையிட்டார். விற்கும்போது அந்நோய் தமக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யுமாறு கலீஃபா பணித்தார்கள். இப்னு உமர் (ரலி) சத்தியம் செய்ய மறுத்து அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அடிமை குணமடைந்தபின் 1500 திர்ஹத்துக்கு விலைபோனதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா' பதிந்துள்ளது. விலக்கு நிபந்தனை எழுதப்பட்டிருந்தும், விற்றவர் அறிந்திருந்தாரா என்பதே தீர்ப்பின் அச்சாக நின்றதைக் கவனிக்க வேண்டும்.

வாங்கியவர்மீதும் கடமைகள் உண்டு. இக்காலத்தில் இவை பெரிதும் மறக்கப்படுகின்றன. குறையை அறிந்தவுடன் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டம். அறிந்தபின் பொருளைப் பயன்படுத்தினால் உரிமை போய்விடும். வாங்கிய பிராணியின்மேல் சேணத்தைக் கழற்றாமல் விட்டுவைப்பதுகூடப் பயன்பாடாகவே எண்ணப்பட்டது. பேரிங் சத்தத்தைக் கேட்டபின்னும், கையிலிருக்கும் ஆர்டரை முடித்துவிட்டுத் திருப்பலாம் என்று மூன்று நாள் ஓட்டுகிறவர் தம் உரிமையைத் தாமே கைவிடுகிறார். குறை தெரியவருமுன் அதைக் கொண்டு ஈட்டிய வருவாய் அவருடையதே. அழிந்தால் நட்டம் எவருடையதோ பலனும் அவருக்கே என்ற நபிமொழி இத்தகைய வழக்கில்தான் அருளப்பட்டது.

வாங்கியவரிடம் வந்தபின் பொருளில் புதிய சேதம் ஏற்பட்டுவிட்டால், விற்றவரின் இசைவின்றித் திருப்ப இயலாது. அங்கே அர்ஷ் எனும் ஈடு உண்டு. குறையின்றி 10,000 ரூபாயும் குறையோடு 8,000 ரூபாயும் பெறும் கருவியை 9,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், மதிப்பில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே கொடுத்த விலையில் ஐந்திலொன்றாகிய 1,800 ரூபாய் திரும்ப வரும். இதற்கோர் அழகிய விலக்கும் உள்ளது. முட்டையையும் தேங்காயையும் உடைக்காமல் உள்ளே கெட்டிருப்பதை அறிய முடியாது; ஆதலால் அவ்வளவு உடைத்தது திருப்புவதற்குத் தடையாகாது. மோட்டாரின் மூடியைக் கழற்றியதற்காகவே பணத்தைத் தர மறுக்கிறவர்களுக்கு இது தக்க பதில். ஆனால் மூடியைக் கழற்றியதோடு நில்லாமல் சுருளையும் அறுத்துப் பார்த்தவர் இவ்விலக்கில் அடங்கார்.

இனி நாட்டின் சட்டம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய அல்லது பழுதுபார்த்துப் புதுக்கிய பொருளைப் புதியதென்று காட்டி விற்பதை முறையற்ற வணிகம் என்கிறது. அதன்கீழ் வந்த 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், பொருள் குறையுடையதாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மையற்றதாகவோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கலாகாது என்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாக அறிவித்து ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பட்டறைக்காரருக்கு ஓர் ஐயம் எழும்: வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் சொல்கிறதே? சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்று மட்டும் வாங்கியது வணிக நோக்காகாது என்று அதே சட்டம் விளக்கியுள்ளது. எனவே சொந்த உழைப்பில் லேத் ஓட்டுகிறவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் முறையிடலாம். கொடுத்த விலை 5 இலட்சம் வரையெனில் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண் உண்டு.

ஆனால் தம் வீட்டிலிருந்த துளைப்பொறியை என்றோ ஒருநாள் விற்கும் தனிமனிதரை மின்வணிக விதிகள் தொடுவதில்லை. அவருக்கு 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமே பொருந்தும். விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அச்சட்டத்திலும் உண்டு. நியாயமான கால அளவுக்குள் மறுக்காமல் வைத்துக்கொண்டவர் ஏற்றுக்கொண்டவராவார் என்று அது கூறுவது, மேலே கண்ட உடனடி அறிவிப்பை நினைவூட்டுகிறது. வழியில் நேரும் சேதத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. வாங்கியவர் கைக்கு வருமுன் அழிந்தால் நட்டம் விற்றவருடையது என்பது ஷாஃபிஈ மத்ஹபு. இச்சட்டமோ, லாரிக்காரரிடம் ஒப்படைத்ததையே பெரும்பாலும் வாங்கியவரிடம் ஒப்படைத்ததாகக் கொள்கிறது. வார்ப்பிரும்பு தவறி விழுந்தால் வளையாது, உடையும். ஆகையால் லாரியை அமர்த்துவது யார், உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். திருப்பி அனுப்பும் கூலி வாங்கியவரையே சாரும் என்று ஷாஃபிஈ விரிவுரைகள் கூறுவதால் அதையும் பேசி முடிப்பது நன்று.

பணம் யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். சில தளங்கள் குறித்த காலம்வரை திருப்பித் தரும் பொறுப்பை ஏற்கின்றன. விவரத்துக்கு மாறான பொருளுக்கு 30 நாள் தரும் ஈபேயின் ஏற்பாடு அத்தகையது. ஒப்பந்தத்தில் நிபந்தனையாக இடும் தெரிவுரிமைக்கு ஷாஃபிஈயும் அபூ ஹனீஃபாவும் (ரஹ்) மூன்று நாளையே எல்லையாக வைத்தனர். அபூ யூஸுஃப், முஹம்மத், அஹ்மத் (ரஹ்) ஆகியோர் குறித்த காலம் நீண்டிருப்பினும் ஏற்றனர். குறையே இன்றி மனம் மாறியவருக்கும் ஒப்பந்தத்தை விட்டுக்கொடுக்கும் இகாலா தனி நன்மை, அது கட்டாயமன்று. வெறும் விளம்பரப் பலகையாக மட்டும் இயங்கும் தளங்களில் இவற்றில் எதுவும் இல்லை. இராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் வந்துவிட்டது, முன்பணம் அனுப்புங்கள் என்று தொடங்கும் மோசடிகள் அங்கேதான் மலிகின்றன. பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் குறியீட்டைப் படமெடுத்து இரகசிய எண்ணை அழுத்துங்கள் என்பது முழுப் பொய். யுபிஐயில் பணம் பெற இரகசிய எண் தேவையில்லை; அழுத்தினால் பணம் போகும். போய்விட்டால் அக்கணமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

எஞ்சுவது சான்று. குறை முன்பே இருந்ததா, பின்பு வந்ததா என்று இருவரும் முரண்பட்டு, இரண்டுக்கும் வாய்ப்பிருந்தால், சத்தியத்தின் பேரில் விற்றவரின் சொல்லே ஏற்கப்படும் என்பது 'மின்ஹாஜ்' சொல்லும் தீர்வு. திருப்பி வந்தது நான் விற்ற பொருளே அன்று என்று அவர் மறுத்தாலும் அவ்வாறே. நல்ல மோட்டாரைக் கழற்றிக்கொண்டு கெட்டதைப் பொருத்தித் திருப்பியனுப்புவோரும் இருக்கையில் இது தேவையான காப்பே. எனவே வாங்குகிறவர் பொட்டலத்தைப் பிரிப்பதை இடைவெட்டின்றிப் படம் பிடித்து, அதே பதிவில் கருவியைச் சுமையின்றி ஓடவிட்டுக் காட்டி, விற்றவரோடு நடந்த எழுத்து உரையாடலை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். விற்பவர் அனுப்புமுன் இயந்திரத்தின் வரிசை எண்ணையும், தாம் அறிந்த ஒவ்வொரு பழுதையும் படமெடுத்து அனுப்பிப் பார்த்துக்கொண்டேன் என்ற மறுமொழியைப் பெற்றிருக்க வேண்டும்.