பந்து பொறுக்கிய பையன் உலக வீரர் ஆனார்!

1951-ம் ஆண்டு. பிரிட்டிஷ் ஓபன் ஸ்குவாஷ் இறுதி ஆட்டம். எகிப்து வீரர் மகமூத் கரீம் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையை வென்றவர். எதிரே நின்றவரோ குள்ளமான மனிதர், வயது முப்பத்தைந்தைத் தாண்டியவர். முதல் ஆட்டத்தை அவர் 9-5 என்று எடுத்தார். அடுத்த இரண்டும் 9-0, 9-0. கரீமுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை!

வென்றவர் பெயர் ஹாஷிம் கான். பெஷாவர் அருகே நவாகில்லி என்ற கிராமத்துக்காரர். தகப்பனார் அங்கே வெள்ளைக்கார அதிகாரிகளின் கிளப்பில் தலைமைச் சிப்பந்தி. அவர் மோட்டார் விபத்தில் இறந்தபோது ஹாஷிமுக்கு வயது பதினொன்றுதான். படிப்பு நின்றது. பையன் அதே கிளப்பில் பந்து பொறுக்கப் போனான்.

ஸ்குவாஷ் என்பது நான்கு சுவருக்குள் ஆடும் ஆட்டம். நீளம் 32 அடி, அகலம் 21 அடி. சிறிய ரப்பர் பந்தை இருவரும் மாறி மாறி முன்சுவரில் அடிக்க வேண்டும். பெஷாவர் கிளப் மைதானத்துக்குக் கூரை இல்லை. ஆகவே சுவர் தாண்டிப் போகும் பந்தை ஓடி எடுத்துவர ஒரு பையன் தேவை. வெயில் ஏறியதும் துரைமார்கள் போய்விடுவார்கள். பையன்கள் வெறுங்காலோடு உள்ளே இறங்குவார்கள். துணைக்கு ஆள் இல்லாவிட்டால் ஹாஷிம் தனியாகவே ஆடுவார். எதிரியும் அவரே!

1942-ல் விமானப்படை அதிகாரிகள் மெஸ்ஸில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. தொழில் ஆட்டக்காரர் என்றதும் லட்சங்களில் புரள்பவர் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த நாளில் அவர் கிளப் ஊழியர். அதிகாரிகளுக்கு ஆடக் கற்றுக்கொடுத்து, சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்துபவர்.

பம்பாயில் முதல் வெற்றி

அவரை வெளி உலகம் கண்டது நம் பம்பாயில்தான். 1944-ல் இங்கே நடந்த முதல் அகில இந்திய ஸ்குவாஷ் போட்டியில் அவர் சாம்பியன் ஆனார். அடுத்த இரண்டு ஆண்டுகளும் பட்டத்தை விடவில்லை. பிறகு பிரிவினை வந்தது. பெஷாவர் வேறு நாடாகிவிட்டது.

பம்பாயில் இருந்த அப்துல் பாரி 1950-ல் இந்தியாவின் சார்பில் பிரிட்டிஷ் ஓபனுக்குப் போய், இறுதி ஆட்டம் வரை முன்னேறினார். செய்தி பெஷாவருக்கு எட்டியது. பாரியைப் பலமுறை தோற்கடித்தவர் ஆயிற்றே ஹாஷிம்! சும்மா இருப்பாரா? உதவி கேட்டு அலைந்தார். பாகிஸ்தான் விமானப்படை செலவை ஏற்றது. பாரி மட்டும் அந்த ஆண்டு போகாமல் இருந்திருந்தால், ஹாஷிம் மெஸ் ஊழியராகவே காலம் தள்ளியிருக்கக்கூடும்.

உலகச் சாம்பியன் பட்டம் என்று தனியாக ஒன்று இல்லாத காலம் அது. பிரிட்டிஷ் ஓபன்தான் அந்த மதிப்பைப் பெற்றிருந்தது. 1951 முதல் 1956 வரை ஆறு முறை, 1958-ல் மறுபடி ஒரு முறை, ஆக ஏழு தடவை ஹாஷிம் வென்றார். அவற்றில் மூன்று இறுதி ஆட்டங்களில் எதிரே நின்றவர், அவரே பழக்கிவிட்ட சொந்தத் தம்பி ஆசம் கான்! அண்ணனுக்குப்பின் தம்பி நான்கு முறை வென்றார். 1957-ல் ஹாஷிமை வீழ்த்திய ரோஷன் கானும் உறவினரே. 1982 முதல் 1991 வரை தொடர்ந்து பத்து முறை வென்ற ஜஹாங்கீர் கான் இந்த ரோஷனின் மகன்.

பின்னர் ஹாஷிம் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றார். முதலில் டெட்ராய்ட், பிறகு டென்வர். அங்கும் கிளப்பில் பயிற்சியாளர் வேலைதான். முதியோர் போட்டிகளிலும் விடாமல் ஆடி வந்தார். 2014 ஆகஸ்டு 18-ந் தேதி கொலராடோவில் காலமானார். பிறந்த தேதி சரியாகப் பதிவாகவில்லை. நூறு வயது இருக்கும் என்றார்கள் குடும்பத்தினர்.