உங்களுக்குத் தெரியுமா? செகண்ட் ஹேண்டில் ஒரு குட்டி விமானம்!

★ இராஜபாளையத்தில் நாய்க்குட்டி வாங்கப் போகிறவர் குட்டியின் அழகை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணி வைப்பதில்லை. தாய் எது, தகப்பன் எது என்று விசாரித்த பிறகுதான் பேரமே. பழைய விமானத்திலும் அதே கதைதான். உடலுக்கு, எஞ்சினுக்கு, புரொபெல்லருக்கு என்று தனித்தனி லாக் புக் உண்டு. பிறந்த நாள் முதல் எத்தனை மணி நேரம் பறந்தது, எந்தப் பாகம் எப்போது மாறியது, எங்கே அடிபட்டது எல்லாம் அதில் ஏறியிருக்க வேண்டும். அந்த ஜாதகம் தொலைந்துவிட்டால், விமானம் எவ்வளவு பளபளத்தாலும் விலை விழுந்துவிடும்.

★ அந்த ஜாதகத்தைக் கணினியில் எழுதும் வேலையில் இராஜபாளையத்துக்கும் பங்குண்டு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் என்ற நூற்பாலைதான் ராம்கோ குழுமத்தின் வேர். அதே குழுமத்தின் ராம்கோ சிஸ்டம்ஸ் இன்று விமானப் பராமரிப்பு மென்பொருளை வெளிநாடுகளுக்கும் விற்கிறது. நூல் நூற்ற ஊர்!

★ முதல் விமானம் தேடுகிறவர்கள் கண்ணில் அடிக்கடி படுவது இரண்டு பேர் உட்காரும் செஸ்னா 152. உற்பத்தி 1985-இல் நின்றுவிட்டது. அதாவது அதில் இளையதற்கே நாற்பது வயது! எஞ்சின் சக்தி 110 குதிரைத்திறன், 55 எச்.பி. டிராக்டர் இரண்டுக்குச் சமம். வேகம் மணிக்குச் சுமார் 190 கி.மீ. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரத்தைத் தாண்டிய நாலு நிமிடத்தில் கீழே இராஜபாளையம் தெரியும்.

★ "அதிகம் ஓடாத வண்டி சார், ஷெட்டிலேயேதான் நின்னுது" என்று விற்பவர் சொன்னால், காராக இருந்தால் சந்தோஷப்படலாம். விமானம் என்றால் உஷார்! மாதக்கணக்கில் ஓடாத எஞ்சினில் எண்ணெய் முழுக்க அடியில் வடிந்துவிடும். மேலே காய்ந்துகிடக்கும் கேம்ஷாஃப்டில் துரு ஏறும். பிறகு ஓட்டும்போது அது தேய்ந்து, உலோகத் தூளாக எண்ணெயில் கலக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்து வெயிலில் பிடித்துப் பார்க்கிறார்கள். மினுமினுவென்று பொடி தெரிந்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் வீடு திரும்பலாம். செஸ்னா 172-இல் வரும் லைகாமிங் எஞ்சின்கள் பலவற்றுக்கு 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, இதில் எது முந்துகிறதோ அப்போது முழு ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது கம்பெனி.

★ செஸ்னா 172-இல் நாலு சீட் இருக்கிறது. ஆனால் டேங்கை நிரப்பிவிட்டு நாலு பெரியவர்கள் ஏறினால் பெரும்பாலும் எடை வரம்பு தாண்டிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பெட்டிகளைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

★ பழைய விமானம் என்றால் இளக்காரமா? 1930 மே 5-ஆம் தேதி ஏமி ஜான்சன் என்ற இங்கிலாந்துப் பெண் லண்டனிலிருந்து தனியாகக் கிளம்பினார். கராச்சி, ஜான்சி, கல்கத்தா வழியாக மே 24-இல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார். அவர் ஓட்டியது 600 பவுனுக்கு வாங்கிய செகண்ட் ஹேண்ட் ஜிப்ஸி மாத்! அது இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

★ பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். செஸ்னா போன்ற குட்டி விமான எஞ்சின்களுக்கென்றே நீல நிறச் சாயம் கலந்த ஏவ்கேஸ் வேண்டும். நம் நாடு வெகுகாலம் இதை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. 2022-இல்தான் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிப்பைத் தொடங்கியது.

★ ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள், ரங்கமன்னாரோடு கருடனுக்கும் கருவறையிலேயே இடம் உண்டு. உங்கள் விமானத்துக்கு? இராஜபாளையத்தில் விமான நிலையம் கிடையாது. மதுரையையோ தூத்துக்குடி வாகைக்குளத்தையோதான் கேட்டுப் பார்க்க வேண்டும். நிறுத்த இடம் கிடைத்த பிறகு விலை பேசுங்கள்.

★ தனியார் பைலட் லைசென்ஸுக்கு வயது 17 ஆகியிருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அது கைக்கு வந்த பிறகும் விமானத்தைத் தனியாகப் போய்ப் பார்க்காதீர்கள். ஒரு ஏ.எம்.இ.யை, அதாவது லைசென்ஸ் பெற்ற பராமரிப்புப் பொறியாளரை, உடன் அழைத்துப் போங்கள். விற்பவர் அழைத்து வருகிறவர் வேண்டாம். நீங்கள் சம்பளம் கொடுப்பவராக இருக்கட்டும்.