பிரிந்த நாடும் மீளும் வழியும்

இராகலைக்கு ஒரு காலத்தில் இரயில் வந்தது என்றால் இன்றைய மாணவர் பலர் நம்பமாட்டார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இவ்வூர்வரை ஒரு குறுகிய இரும்புப் பாதை போடப்பட்டது. 1940களில் அது மூடப்பட்டது; தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. மூடியவர்களுக்கு வேலை எளிது. மீண்டும் போட நினைப்பவருக்கோ நிலம் வேண்டும், பணம் வேண்டும், வழியில் குடியேறிவிட்டோரின் சம்மதமும் வேண்டும். நாடுகள் தாம் அங்கம் வகித்த ஒன்றியங்களை விட்டு விலகுவதும், பின்னர் மீண்டும் சேர முயல்வதும் ஏறக்குறைய இத்தகையனவே.

2020 ஜனவரி 31ஆம் நாள் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியபின் இந்த வினா உலகெங்கும் பேசப்பட்டது. ஆயினும் இதற்கு விடை தேடி நாம் ஐரோப்பாவரை போக வேண்டுவதில்லை. இலங்கை அங்கம் வகிக்கும் பொதுநலவாயத்திலேயே, நம் அயல்நாடாகிய பாகிஸ்தானின் வரலாறு கண்முன் கிடக்கிறது.

1971 இறுதியில் கிழக்குப் பாகிஸ்தான் பிரிந்து வங்காளதேசம் ஆயிற்று. அப்புதிய நாட்டை ஏற்றுக்கொள்ளப் பிரித்தானியாவும் வேறு சில உறுப்பு நாடுகளும் ஆயத்தமானபோது, சுல்பிகார் அலி பூட்டோ சினங்கொண்டு 1972 ஜனவரி 30ஆம் நாள் பொதுநலவாயத்தினின்று விலகினார். விலகல் ஓர் அறிவிப்போடு முடிந்தது. விளைவோ பிரித்தானிய ஆலைகளில் உழைத்துக்கொண்டிருந்த பாகிஸ்தானியத் தொழிலாளியின் தலையில் விழுந்தது. பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில் அங்கே அவனுக்கிருந்த வாக்குரிமை முதலியன ஐயத்துக்குள்ளாயின. 1973இல் அதற்கென ஒரு சட்டமே பிறந்தது. விண்ணப்பித்துப் பதிந்துகொண்டால் உரிமை, இல்லையேல் அந்நியன். விலகுவதா இருப்பதா என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை.

எண்பதுகளில் பாகிஸ்தான் திரும்பிவர விரும்பியது. அப்போது இந்தியா இணங்கவில்லை. பொதுநலவாயத்தில் பெரும்பான்மை வாக்கெடுத்துப் புதியவரைச் சேர்க்கும் வழக்கம் இல்லை, எல்லோரும் ஒத்துக்கொள்ளவேண்டும். ஆகவே எந்த அயலானோடு பகையோ அவனுடைய தலையசைப்புக்கே காத்திருக்க நேர்ந்தது. இராணுவ ஆட்சி நீங்கி, 1988 டிசம்பரில் பெனசீர் பூட்டோ பிரதமரானார். ராஜீவ் காந்தி அம்மாதமே இஸ்லாமாபாத் சென்றார்; இந்தியாவின் மறுப்பும் தளர்ந்தது. 1989 ஒக்டோபர் 1ஆம் நாள் பாகிஸ்தான் மீண்டும் உறுப்பு நாடாயிற்று. தந்தை மூடிய கதவை மகள் திறப்பதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

தென்னாபிரிக்கா 1961இல் நிறவெறிக் கொள்கையைக் கைவிட மனமின்றி வெளியேறி, மண்டேலா ஆட்சியேற்ற 1994இல் திரும்பியது. அங்கே மாறவேண்டியிருந்தது விண்ணப்பமன்று, அரசே. மாலைதீவுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. 2016 ஒக்டோபரில் போய், ஆட்சி மாறியபின் 2020 பெப்ரவரியில் வந்துவிட்டது. சிறு நாட்டைத் தடுக்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை போலும்! சிம்பாப்வேயின் நிலை வேறு. 2003இல் முகாபே வெளியேற்றிய அந்நாடு 2018இல் விண்ணப்பித்தது. 2024 ஒக்டோபரில் சமோவாவில் தலைவர்கள் கூடியபோதும் அது வெளியிலேயே நின்றது. தேர்தல் எப்படி நடந்தது, நீதிமன்றம் சுதந்திரமாக இயங்குகிறதா என்றெல்லாம் ஆராய்ந்தே முடிவு செய்கிறார்கள்.

இனி, பிரித்தானியா. அது திரும்ப எண்ணினால் புதிய நாட்டைப்போல ஒன்றிய உடன்படிக்கையின் 49ஆம் பிரிவின்படி விண்ணப்பிக்க வேண்டும். 27 நாடுகளில் ஒன்று மறுத்தாலும் கதவு திறவாது. பிரான்சின் டிகோல் ஒருவரே 1963இலும் 1967இலும் அதைத் தடுத்ததை அந்நாட்டு முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1984இல் வாதாடிப் பெற்ற கட்டணச் சலுகையும், யூரோ நாணயத்தை ஏற்காதிருக்கும் உரிமையும் மறுபடி கிட்டுமென்ற உறுதி இல்லை. பழைய உறுப்பினர் என்ற உறவு அங்கே செல்லுபடியாகாது.

இவற்றைப் படிக்கும் மலையக வாசகருக்கு வேறொரு வரிசை நினைவுக்கு வரும். நாடுகள் தாமாக விலகின; நம் தோட்டத்து மக்களோ விலகவில்லை, விலக்கப்பட்டார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரே வீச்சில் அதைச் செய்தது. அடுத்த ஆண்டே இந்திய பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கென ஒரு சட்டம் வந்து, விண்ணப்பிக்கச் சொன்னது. தலைமுறையாக இங்கே கொழுந்தெடுத்தவர்கள் தம் வதிவைத் தாளில் நிறுவவேண்டியிருந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னர் என்று பிரித்தது. ஒப்பமிட்ட இரு நாடுகளும் அன்று பொதுநலவாயத்தில் ஒரே மேசையில் அமர்ந்திருந்தவை என்பதை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. அந்த உறவு லயத்தில் இருந்தவனுக்கு ஒரு கடதாசியும் பெற்றுத்தரவில்லை.

1988இல் ஒரு சட்டமும், 2003இல் மற்றொரு சட்டமும் வந்தபின்பே நாடற்றோர் என்ற பெயர் சட்டத்தளவில் நீங்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எவரைப் பிரஜையாக ஏற்றது என்று பார்த்தால், இந்திய வம்சாவளியினராய் 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவரையும் அவர்தம் சந்ததியினரையும் என்று எழுதியிருக்கிறது. மக்களைப் பங்கிட்ட அதே தேதி!