தகட்டுப் பூச்சில் இருக்கிறது சூட்சுமம்!
பொருளையே அச்சிடும் எந்திரத்துக்கு மட்டம் பார்ப்பது எப்படி?

புதுச்சேரிக்கும் அச்சுத் தொழிலுக்கும் நெடுநாள் உறவு உண்டு.

பிரெஞ்சுப் பாதிரியார்களின் அச்சகம் 1855-ஆம் ஆண்டிலேயே இந்த ஊரில் தமிழ்-பிரெஞ்சு அகராதியை அச்சிட்டது. பாரதியாரின் "இந்தியா" பத்திரிகை 1908 முதல் 1910 வரை இங்கிருந்துதான் வெளிவந்தது.

அந்த நாளில் அச்சுக் கோப்பவர்கள் ஈய எழுத்துக்களை அடுக்கி முடித்ததும், மேலே ஒரு மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டுவார்கள். ஏன்? எல்லா எழுத்துக்களும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். தாழ்ந்து நின்ற எழுத்து தாளில் பதியாது. உயர்ந்து நின்ற எழுத்து தாளைக் குத்திவிடும்.

இப்போது வேறு வகை அச்சு எந்திரம் வந்திருக்கிறது. அது எழுத்தை அச்சிடுவதில்லை. பொருளையே அச்சிடுகிறது! அதன் பெயர் முப்பரிமாண அச்சு எந்திரம். "திரீ-டி பிரிண்டர்" என்று சொல்வார்கள்.

2016-ல் தொடங்கிய "அடல் டிங்கரிங் லேப்" திட்டத்தின் மூலம் இந்த எந்திரம் பள்ளிக்கூடங்களுக்கும் வந்துவிட்டது. புதுச்சேரிப் பிள்ளைகளும் இதில் பொம்மையும் பல்சக்கரமும் செய்து பழகுகிறார்கள்.

எந்திரம் புதிது. ஆனால் மட்டம் பார்க்கும் கவலை பழையதுதான்.

முறுக்கு அச்சு போல!

வீட்டில் முறுக்கு பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். மாவு உள்ளே போகிறது. துளை வழியாக இழையாக வருகிறது. கை சுற்றச் சுற்ற முறுக்கு உருவாகிறது.

இந்த எந்திரமும் அப்படித்தான். மாவுக்குப் பதில் பிளாஸ்டிக் கம்பி. அது ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் உருகி, ஒரு மூக்கு வழியாக இறங்குகிறது. மூக்கின் துளை பெரும்பாலும் 0.4 மில்லிமீட்டர்தான்.

மூக்கு அங்குமிங்கும் ஓடிக் கோடு கோடாகப் போடும். ஒரு வரிசை முடிந்ததும் அதன்மேல் அடுத்த வரிசை. வரிசை ஒன்றின் கனம் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 சென்டிமீட்டர் உயரப் பொம்மைக்கு 200 வரிசைகள் வேண்டும்! இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்காட் கிரம்ப் என்ற அமெரிக்கர். 1988-ல் தம் சிறு மகளுக்குத் தவளைப் பொம்மை செய்ய நினைத்தார். சூடான பசையைப் பீச்சும் துப்பாக்கியை எடுத்தார். அந்த விளையாட்டிலிருந்து பிறந்ததுதான் இந்த முறை.

இன்று முப்பரிமாண அச்சு எவ்வளவோ தூரம் போய்விட்டது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2021-ல் ஒரு வீட்டையே கான்கிரீட்டில் அச்சிட்டுக் காட்டினார்கள். சென்னை அக்னிகுல் நிறுவனம் உலோகத்தில் அச்சிட்ட எஞ்சினைப் பொருத்திய ராக்கெட், 2024 மே 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது.

முதல் வரிசை தவறினால்...

இனி, பள்ளிக்கூட எந்திரத்துக்கு வருவோம். இதில் உயிர்நாடி முதல் வரிசைதான். அது தகட்டில் நன்றாக ஒட்டவேண்டும்.

மூக்குக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி இம்மியும் பிசகக்கூடாது. நாம் எழுதும் தாளின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். அந்த அளவு கூடினாலும் வினை! குறைந்தாலும் வினை! மூக்கு உயர்ந்தால் இழை ஒட்டாமல் இழுபடும். தாழ்ந்தால் துளை அடைபடும், தகட்டையும் கீறிவிடும்.

முதல் வரிசை பெயர்ந்துவிட்டது என்பது சாதாரண எந்திரத்துக்குத் தெரியாது. அது பாட்டுக்கு இரவு முழுவதும் பிழிந்துகொண்டே இருக்கும். காலையில் வந்து பார்த்தால் பொம்மை இராது. இடியாப்பம் போல நூல் சிக்கல்தான் கிடக்கும்.

எந்திரமே அளக்கிறது

முன்பெல்லாம் மூக்குக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி, திருகாணியைத் திருகி மட்டம் பார்த்தார்கள். இன்று பல எந்திரங்கள் தாமே அளந்துகொள்கின்றன. தகட்டில் பல இடங்களைத் தொட்டுப் பார்த்து, மேடு எது, பள்ளம் எது என்று குறித்துக்கொள்கின்றன. பிறகு அதற்கேற்ப மூக்கை ஏற்றி இறக்குகின்றன.

இங்கேதான் தகட்டின் பூச்சு முக்கியமாகிறது. பல எந்திரங்களில் இருப்பது வளையும் எஃகுத் தகடு. அதன்மேல் "பி.இ.ஐ." என்ற பிளாஸ்டிக் பூச்சு. சூடாக இருக்கும்போது பொருளைப் பிடித்துக்கொள்ளும். ஆறியபின் தகட்டை லேசாக வளைத்தால் விட்டுவிடும்.

அளக்கும் முறைகளில் மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, இரும்பை உணரும் கருவி. இது எஃகை மட்டுமே அறியும். மேலே உள்ள பூச்சு அதற்குத் தெரியாது. வேறு கனமுள்ள பூச்சுத் தகட்டை மாற்றிப் போட்டால் கணக்குத் தவறும்.

இரண்டு, மூக்கே தகட்டைத் தொட்டுப் பார்ப்பது. செக் நாட்டில் 2023-ல் வெளிவந்த புருசா எம்.கே.4 எந்திரம் இப்படிச் செய்கிறது. மூக்கு கடுஞ்சூட்டோடு தொட்டால் பூச்சில் தழும்பு விழும். ஆகவே சூட்டைக் குறைத்துக்கொண்டே தொடுகிறது.

மூன்று, ஒளியால் பார்ப்பது. 2022-ல் வந்த சீனாவின் பாம்பூ லேப் எக்ஸ்-1 எந்திரம், போட்ட கோட்டை லேசர் ஒளியால் அளக்கிறது. பூச்சு கண்ணாடிபோல் மின்னினால் ஒளி வேறு பக்கம் தெறிக்கும். சொரசொரப்பாக இருந்தால் சிதறும். எது கோடு, எது தகடு என்பதில் குழப்பம் வரும்.

கடற்காற்று செய்யும் குறும்பு

புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றின் ஈரத்தைப் பிளாஸ்டிக் கம்பி உறிஞ்சிக்கொள்ளும். ஈரக் கம்பி சூடேறியதும் படபடவென்று பொரியும், மூக்கில் ஒழுகும்.

ஒழுகியது மூக்கு நுனியில் துளியாக உறைந்து நிற்கும். மூக்கு தகட்டைத் தொடப் போகும்போது அந்தத் துளி முந்திக்கொண்டு தொடும். "தகடு வந்துவிட்டது" என்று எந்திரம் ஏமாறும். இடைவெளி கூடிவிடும். முதல் வரிசை ஒட்டாது.

கவனிக்க வேண்டியவை

* தகட்டின் நடுவில் விரல் வைக்காதீர்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். தோசைக்கல்லுக்கு எண்ணெய் வேண்டும். இந்தத் தகட்டுக்கோ எண்ணெய் பகை. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் பொருள் ஒட்டாது.

* தகடு ஆறியபின் கழற்றி, பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவுங்கள். கம்பி நாரால் தேய்க்காதீர்கள். ஆல்கஹாலால் துடைப்பவர்கள், சூடான தகட்டில் துடைக்கவே கூடாது. அது தீப்பிடிக்கும் பொருள்.

* "பெட்-ஜி" என்ற பிளாஸ்டிக் வழவழப்பான பூச்சில் அளவுக்கு மீறி ஒட்டும். பெயர்க்கும்போது பூச்சும் சேர்ந்து வந்துவிடும். மெல்லியதாகப் பசைக்குச்சி தடவிக்கொண்டால் தகடு தப்பும்.

* தகட்டை மாற்றினால் மறுபடி மட்டம் பாருங்கள். அதற்குமுன் மூக்கு நுனியைச் சுத்தம் செய்யுங்கள். மூக்கு சுடும். சிறுவர்கள் இதைப் பெரியவர்களோடு சேர்ந்தே செய்யவேண்டும்.

* கம்பிச் சுருளைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள்.

ஒரு பிள்ளை ஆசையோடு வரைந்த பொருள் இரண்டு முறை பாழானால், மூன்றாம் முறை அவன் எந்திரத்தின் பக்கமே வரமாட்டான். அப்புறம் விலை கொடுத்து வாங்கிய எந்திரம் துணி போர்த்தி மூலையில் நிற்கும்.

ஆகவே ஆசிரியர்களே, பெற்றோர்களே! எந்திரம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுமுன், தகட்டை ஒரு முறை கழுவிப் பாருங்கள்.