வராத வலிக்கு ஓர் அழுகை



அஸர் தொழுகை முடிந்ததும் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் மகன், மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்துக்கு வியர்வையும் புழுதியுமாய் வீடு திரும்புகிறான். "வென்றீங்களா மகன்?" என்று கேட்கிறீர்கள். அவன் குதூகலத்தோடு சொல்கிறான்:

"ஓம் உம்மா! அவன் என்னைத் தொடவே இல்ல. நான் காலைப் பிடிச்சிக்கொண்டு விழுந்து கத்தினேன். பெனால்டி கெடச்சது!"

வீட்டார் சிரிக்கிறார்கள். "கெட்டிக்காரன்" என்று வாப்பா தோளில் தட்டுகிறார். அந்தச் சிரிப்பைச் சற்று நிறுத்திவிட்டுச் சிந்தித்துப் பாருங்கள்.

உதைபந்தாட்டச் சட்டத்தின் 12ஆவது விதிப்படி, காயம்பட்டதாக நடித்து மத்தியஸ்தரை ஏமாற்ற முயல்பவருக்கு மஞ்சள் அட்டை காட்டப்பட வேண்டும். பெரிய போட்டிகளிலே நடிப்பைக் காட்டிக்கொடுக்கக் கெமராக்கள் உண்டு. ஊர் மைதானத்திலோ பெரும்பாலும் விசிலோடு நிற்கும் ஒரே ஒரு மனிதர்தான். பிள்ளைகளின் முகத்தை நம்பியே அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிறு நடிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1989 செப்டெம்பர் 3ஆம் திகதி பிறேசிலின் மரக்கானா மைதானத்தில் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டி. பிறேசில் 1-0 என முன்னணியில் இருந்தது. பார்வையாளர் பக்கமிருந்து எறியப்பட்ட வாணமொன்று புகைந்தபடி விழ, சிலி நாட்டுக் கோல் காப்பாளர் ரொபேர்ட்டோ ரோஹாஸ் இரத்தம் வழியும் முகத்தோடு சரிந்தார். சிலி அணி மைதானத்தை விட்டே வெளியேறியது. ஆனால் வாணம் அவர்மீது படவில்லை என்பதைப் படங்கள் காட்டின. கையுறைக்குள் ஒளித்துவைத்த பிளேட்டால் அவரே தம்மைக் கீறிக்கொண்டிருந்தார். வெற்றி பிறேசிலுக்கு வழங்கப்பட்டது. ரோஹாஸுக்கு ஆயுட்காலத் தடை. அது 2001இல்தான் நீக்கப்பட்டது. 1994 உலகக் கிண்ணத்தில் பங்குபற்றும் வாய்ப்பும் சிலிக்கு மறுக்கப்பட்டது. ஒருவரின் பொய்க்கு ஒரு நாடே விலை கொடுத்தது.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. 2000 டிசெம்பரில் இங்கிலாந்தில், எவர்ட்டன் கோல் காப்பாளர் காயத்தோடு கீழே கிடந்தார். எதிரணியான வெஸ்ட் ஹாமின் பாவ்லோ டி கானியோவுக்குக் கோல் அடிக்க அருமையான வாய்ப்பு. அவரோ பந்தைக் கையால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார். எதிரணியின் இரசிகர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சகோதரிகளே! கீழே கிடப்பவனின் வலி உண்மை என்று நம்பியதால்தான் அவர் நின்றார். போலி அழுகை அழிப்பது அந்த நம்பிக்கையைத்தான். "புலி வருகிறது" என்று பொய்யாய்க் கத்திய சிறுவனின் கதை நாமறிந்ததே. பலமுறை நடித்த பிள்ளை ஒருநாள் உண்மையாகவே தலையில் அடிபட்டு விழுந்தால், "எழும்படா, நடிக்காதே" என்றுதான் கூட்டாளிகள் சொல்வார்கள். வைத்தியர் இல்லாத மைதானத்தில் அந்தத் தாமதம் ஆபத்தானது.

தலையில் அடிபட்டு மயங்கியவனை, தடுமாறுபவனை அன்று மீண்டும் விளையாட விடாதீர்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், குழப்பமான பேச்சு, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இன்று மாலை மகன் வந்ததும் "வென்றீங்களா?" என்பதற்கு முன், "நேர்மையா விளையாடினீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். நடித்து வென்றதாகச் சொன்னால் சிரிக்காதீர்கள், ஏசவும் வேண்டாம். முழங்கால் புழுதியைக் கழுவிவிட்டபடியே சொல்லுங்கள்: "மகன், உங்களுக்கு உண்மையா வலிக்கிற அன்றைக்கு எல்லாரும் நம்ப வேணும். அதுக்காக இன்றைக்குத் தோற்றாலும் பரவாயில்ல."