குமிழிக்குள் ஒரு தோட்டம்

நீர்க்குமிழி என்றதும் தமிழ் இலக்கியம் பயின்றவர்களுக்கு நிலையாமைதான் நினைவுக்கு வரும். நாலடியார் மனித உடம்பை மழைநீரில் தோன்றிக் கெடும் மொக்குளுக்கு ஒப்பிடுகின்றது. மொக்குள் என்றால் குமிழி. தோன்றியது, உடைந்தது, இடையில் அதற்கு ஒரு வாழ்வு இருந்ததாகவே அங்கு பேச்சில்லை. குறுந்தொகையில் உள்ள பார்வை வேறு. பிரிவால் மெலியும் தலைவி, வெள்ளத்தில் கல்லோடு மோதும் சிறுநுரை போலத் தான் சிறுகச் சிறுக இல்லாமற் போவதாகச் சொல்கின்றாள். அதைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையைக் கொண்டே அவரைக் கல்பொரு சிறுநுரையார் என்கின்றோம்.

இவ்விரு பார்வைகளுள் எது குமிழியின் இயல்புக்கு நெருக்கமானது? நேயர்களே, இதற்குக் கமரா ஒரு விடை சொல்கின்றது.

சித்திரை விடுமுறையில் மாணவர் சிலரோடு வீட்டுத் தோட்டத்திலே சவர்க்காரக் குமிழிகளைப் படம் பிடிப்பது எனக்கு வழக்கம். பப்பாசி இலைக் காம்புதான் குழல். சவர்க்கார நீரில் சிறிது கிளிசரின் கலந்தால் நீர் விரைவில் ஆவியாகாது. குமிழி கூடுதலான நேரம் நிற்கும். வெயில் ஏறுமுன், காற்று எழும்புமுன் எடுத்துவிட வேண்டும். பின்னணி இருண்டிருப்பது மிக முக்கியம். வெளிறிய வானத்தின் முன் குமிழி கண்ணுக்கே அகப்படாது. நிழல் விழுந்த செவ்வரத்தை வேலியின் முன் அதன் நிறங்கள் அத்தனையும் எழுந்து நிற்கும். மிதக்கும் பொருளாதலால், விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு போன்ற குறுகிய நேரத்தில் படம் பதிவாக வேண்டும்.

"சேர், குமிழிக்குள்ளே நீங்கள் இரண்டு பேராய் நிற்கிறீர்கள், ஒருவர் தலைகீழாக" என்றான் ஒரு மாணவன், படத்தைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டு. அவன் கண்டது சரியே. குமிழியின் முன்புறம் குவிவாடியாகி எதிரிலுள்ளதை நேராகக் காட்டுகின்றது. பின்புறமோ உள்ளிருந்து குழிவாடியாகி அதையே கவிழ்த்துக் காட்டுகின்றது. ஆகவே தென்னையும் வானமும் கிணற்றுக்கட்டும் படமெடுப்பவனும் ஒரு குமிழிக்குள் இருமுறை அடங்கிவிடுகின்றன. படமெடுப்பவன் தன்னை மறைத்துக்கொள்ள இயலாத பொருள் இது ஒன்றே என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

நிறங்களுக்கு வருவோம். சவர்க்கார நீரில் சாயம் எதுவும் இல்லை. குமிழியின் தோலுக்கு வெளிமேற்பரப்பு, உள்மேற்பரப்பு என இரண்டு உண்டு. இரண்டிலும் தெறித்து வரும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கூடும்போது சில நிறங்கள் வலுப்பெறும், சில அழிந்துபோகும். எது வலுப்பெறும் என்பதைத் தோலின் தடிப்பே தீர்மானிக்கின்றது. நிறம் மாறுகின்றது என்றால் தடிப்பு மாறுகின்றது என்பதே பொருள்.

ஐசாக் நியூற்றன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் இதை நுணுக்கமாக எழுதியுள்ளார். காற்று அலைக்காதபடி ஒரு குமிழியைக் கண்ணாடியால் மூடிவைத்துப் பார்த்தார். நீர் கீழே வடிய வடிய நிற வளையங்கள் உச்சியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. கடைசியில் உச்சியில் ஒரு கரும்புள்ளி தோன்றிப் பரவியது. அவ்விடத்தில் தோலின் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரின் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகின்றது என இன்று அறிவோம். அந்த அளவில் இரு மேற்பரப்புகளின் ஒளியும் ஒன்றையொன்று அழித்துவிடுவதால் அது கறுப்பாகத் தெரிகின்றது.

ஆக, குமிழி திடீரென்று சாவதில்லை. பிறந்த கணம் முதலே மெலிந்துகொண்டிருக்கின்றது. நாம் அழகென்று வியக்கும் நிறமாற்றம் அந்த மெலிவின் கணக்கேயாகும். என் தீர்ப்பு குறுந்தொகைத் தலைவியின் பக்கமே.

பெல்ஜியத்து அறிஞர் ஜோசப் பிளாட்டோவை இங்கு சொல்லாமல் விட முடியாது. 1843இல் முற்றாகப் பார்வையிழந்த அவர், சவர்க்காரப் படலங்கள் குறித்த தம் பெருநூலை 1873இல் வெளியிட்டார். குடும்பத்தாரும் உடன் பணியாற்றியோரும் பார்த்துச் சொல்ல, அவர் கேட்டு ஆராய்ந்தார். நிறத்தைச் சொல்லிலே வாங்கிக்கொண்ட அவரை எண்ணும்போது, வருணனை என்பதை அலங்காரம் என்று மட்டும் மாணவருக்குக் கற்பிக்க எனக்கு மனம் வருவதில்லை.

உடையும் கணமும் படத்தில் அகப்பட்டிருக்கின்றது. 1904இல் பாரிஸில் லூசியன் புல் என்பவர் மின்பொறி ஒளியைக் கொண்டு, துப்பாக்கிக் குண்டு சவர்க்காரக் குமிழியைத் துளைப்பதை விநாடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களாக எடுத்தார். நமது கைத்தொலைபேசிக் கமராவால் அவ்வளவு முடியாது. எனினும் பொறுமை இருந்தால், நிறங்கள் வெளிறி, பொன்மஞ்சள் வெண்மையாகி, உச்சியில் கருமை தொப்பிபோல் படியும் அந்த இறுதி நிலையைப் பிடிக்கலாம். அதைக் கண்டதும் தாமதியாமல் அழுத்துங்கள். அடுத்த படத்தில் செவ்வரத்தை வேலி மட்டுமே இருக்கும்.